புள்ளி அமுங்கிய பக்கங்கள்

அந்த ஊரில் மின்சாரம் நின்றுபோனால், மெழுகுவத்தியைத் தேடுவதற்கு முன்பே பாதிப் பேர் தேடுவது ஒரு குரலை. மின்சார அலுவலகத்தின் புகார் எண்ணை அழைத்தால், "சொல்லுங்க, எந்தத் தெரு?" என்று அந்தக் குரல் கேட்கும். தெருவைச் சொன்னதும், "உங்க பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர்லதான் ஆளு ஏறியிருக்காரு, முக்கால் மணி நேரம் பொறுத்துக்குங்க" என்று சொல்லும். முக்கால் மணி நேரம் என்று சொன்னால் முக்கால் மணி நேரத்தில் விளக்கு எரியும். பதினாறு வருடமாக அதே நாற்காலியில் அதே பெண். ஊர் அவருக்குக் கரண்டம்மா என்று பெயர் வைத்துவிட்டது. பத்து வயதில் ஒரு காய்ச்சலில் அவருக்குப் பார்வை போய்விட்டது என்பது, போனில் மட்டும் பேசியவர்களுக்குத் தெரியாது.

சனிக்கிழமை அவருக்கு அரை நாள் வேலை. மூன்று மணிக்கு நூலகத்து வாசலில் பேருந்தை விட்டு இறங்குவார். பதினொரு படி ஏறி, இடது பக்கம் திரும்பி, நேராகக் கடைசிச் சுவருக்குப் போவார். அந்தச் சுவர் முழுக்க பிரெயில் புத்தகங்கள். பதினெட்டு அடி நீளம், நான்கு தட்டு, நானூற்றுப் பன்னிரண்டு தொகுதிகள். மற்றவர்கள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிற ஒரு கதைப் புத்தகம், புள்ளி எழுத்தில் ஏறினால் ஐந்தாறு தொகுதியாகப் பெருத்துவிடும். ஒவ்வொன்றும் தலையணை கனம். கரண்டம்மா வாரத்துக்கு இரண்டை எடுத்து, ஒரு துணிப்பையில் போட்டு, குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு பேருந்து ஏறுவார்.

அந்தச் சனிக்கிழமை அவர் உள்ளே வந்தபோது, நூலகர் மேசையை விட்டு எழுந்து எதிரே போனார். வழக்கமாக அவர் எழுந்திருப்பதில்லை.

"என்ன சார், இன்னிக்கு இத்தனை மரியாதை?" என்றார் கரண்டம்மா.

"உட்காருங்கம்மா. ஒரு விஷயம் சொல்லணும்."

"நிக்கறேன். கெட்ட விஷயத்த நின்னுக்கிட்டுக் கேக்கறதுதான் எனக்குப் பழக்கம்."

மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்க வருகிறவர்கள் கூடிவிட்டார்கள், இடம் போதவில்லை. ஆகவே அதிகம் புழங்காத அலமாரிகளை மூன்று மாதத்துக்குள் காலி செய்து மேசை நாற்காலி போட வேண்டும். பிரெயில் பகுதிக்கு உறுப்பினர் ஒருவர் மட்டுமே என்பதால் அந்தச் சுவரே முதலில் கணக்கில் வருகிறது. புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கித் தலைமை அலுவலகத்தின் கிடங்குக்கு அனுப்பவும். நூலகர் கடிதத்தை அப்படியே படித்துக் காட்டினார். படித்து முடித்ததும் அதை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

கரண்டம்மா வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "வாசல் படிக்கட்டுல ஆளுங்க உக்காந்து படிக்கறாங்களே, அவங்களுக்கா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"வரும்போது ஒரு பொண்ணு கால நகர்த்தி வழி விட்டுச்சு. அட்டைய விரிச்சு உக்காந்திருக்குபோல, சத்தம் கேட்டுச்சு. பாவம், கல்லு சூடு." அவர் அலமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "கெடங்குல நிக்க வெப்பாங்களா, படுக்க வெப்பாங்களா சார்?"

"எதை?"

"புத்தகத்த. ஒண்ணு மேல ஒண்ணு படுக்கப் போட்டு அடுக்கினா புள்ளியெல்லாம் அமுங்கிடும். அமுங்கினா வெறும் அட்டைதான். அதுக்கப்புறம் யாராலயும் படிக்க முடியாது."

நூலகரின் பார்வை கீழ்த்தட்டுக்குப் போயிற்று. ஏன் என்று அப்போது அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. "இப்பல்லாம் போன்லயே கதை படிச்சுக் காட்டுதேம்மா" என்று மெல்லச் சொன்னார். கடிதத்திலும் அப்படித்தான் ஒரு வரி இருந்தது.

"காட்டுது சார். நல்லாத்தான் படிக்குது. ஆனா நாள் முழுக்க இந்தக் காது ஊருக்காக ஓடுது. கரண்ட் போச்சு, மீட்டர் சுத்தலை, கம்பி தொங்குது, நீயெல்லாம் எதுக்குச் சம்பளம் வாங்கறேன்னு திட்டு. அஞ்சு மணிக்கு மேல இன்னொரு குரலக் கேக்க முடியல. இது மட்டுந்தான் எனக்குன்னு இருக்கறது." வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினார்.

நூலகர் மேலே ஒரு மனு எழுதலாம் என்றார். எழுதுங்கள், ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது என்றார் கரண்டம்மா. நானூற்றுப் பன்னிரண்டையும் அவர் ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்த நான்கு சனிக்கிழமைகள் அப்படிப் போயின. கரண்டம்மா தரையில் காலை மடக்கி உட்காருவார். நூலகர் ஒவ்வொரு தொகுதியாக எடுத்து அவர் மடியில் வைப்பார். கரண்டம்மா முதலில் புத்தகத்தின் முதுகைத் தடவுவார், பிறகு முன்னால், நடுவில், கடைசியில் என்று நாலைந்து இடத்தில் திறந்து விரலை ஓட்டுவார். "உசுரு இருக்கு" என்றால் வலது பக்கம். "போயிடுச்சு" என்றால் இடது பக்கம். நூலகர் ஒரு நோட்டில் எண்ணையும் காரணத்தையும் எழுதுவார்.

அவர் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்வார் என்றுதான் நூலகர் எண்ணியிருந்தார். முதல் நாளிலேயே இடது பக்கம் முப்பது தொகுதி சேர்ந்துவிட்டது.

"இது நல்லாத்தானே இருக்கு? அட்டைகூடப் புதுசா இருக்கே" என்றார் நூலகர், ஒன்றைக் கையில் எடுத்து.

"அட்டை புதுசு. உள்ள இருக்கறது முப்பது வருஷத்துக்கு முந்தின ரயில் நேரம். அந்த ரயிலப் புடிக்க யாரு போறது?"

"இது?"

"ஒண்ணே ரெண்டு தடவ வந்திருக்கு. ஒண்ணு போதும்."

"அது கவிதைம்மா."

"கவிதைன்னா ரெண்டு படி வேணுமா? போடுங்க சார் அந்தப் பக்கம். படிக்க ஆகாதத வெச்சுக்கிட்டு எடத்த அடைச்சா, நாளைக்கு ஆகறதையும் சேத்துத் தூக்கிடுவாங்க."

இருபத்தாறு வருடம் அந்த வேலையில் இருந்தவர் நூலகர். புத்தகம் கழிப்பது என்றால் பதிவேட்டைப் பார்த்து, ஏழு வருடம் யாரும் எடுக்காதவற்றின் மேல் முத்திரை குத்துவதுதான் அவருக்குத் தெரிந்த முறை. ஒரு புத்தகத்தை மடியில் வைத்து, அதன் நாடியைப் பிடித்துப் பார்த்துக் கழிப்பதை அவர் இப்போதுதான் பார்த்தார்.

மூன்றாவது சனிக்கிழமை ஒரு பெரிய நாவலின் முறை வந்தது. தங்கும் விடுதி நடத்துகிற மூன்று அக்கா தங்கைகளின் கதை. அச்சில் இரண்டு பாகம், புள்ளியில் பதின்மூன்று தொகுதி. கரண்டம்மா சின்ன வயதில் ஒரு தடவை, வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை படித்தது. முகம் மலர்ந்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தவர், ஐந்தாம் தொகுதியின் நடுவில் நின்றுவிட்டார். விரல் முன்னும் பின்னும் போயிற்று. தாளைத் திருப்பினார். இன்னொரு தாள். இன்னொன்று.

"இதுமேல என்ன வெச்சாங்க சார்?"

அன்று தன் பார்வை ஏன் கீழ்த்தட்டுக்குப் போனது என்று நூலகருக்கு இப்போது விளங்கிவிட்டது. மூன்று வருடத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் கூரை ஒழுகித் தரையில் தண்ணீர் நின்றது. நனைந்த நாளிதழ்க் கட்டுகள் மேலும் நனையாமல் இருக்க அவற்றைத் தூக்கி வைக்க உயரமான இடம் தேடினார். கீழ்த்தட்டில் சில பிரெயில் தொகுதிகளைப் படுக்கப் போட்டு, அவற்றின் மேல் கட்டுகளை அடுக்கினார். இரண்டு மாதம். எல்லாவற்றுக்கும் அடியில், திறந்தபடி கிடந்த ஒரு தொகுதியை அவர் மூடக்கூட இல்லை.

"நான்தாம்மா வெச்சேன்" என்றார். எல்லாவற்றையும் சொன்னார். "புள்ளி அமுங்கும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்கணும். தெரியலை."

கரண்டம்மா தாளிலிருந்து கையை எடுக்கவில்லை. "நாப்பத்திரெண்டு தாள் போயிருக்கு. நடு அக்கா கடிதத்தோட ரயிலேறுற எடம்." தொகுதியை மூடியபடி, "நனைஞ்ச பேப்பரக் காப்பாத்தினீங்களே, அது காஞ்சுதா?" என்று கேட்டார்.

"காஞ்சுது."

"அப்ப சரி. ஒண்ணாவது பொழச்சுது."

அவர் திட்டியிருந்தால் நூலகருக்குப் பாரம் குறைந்திருக்கும். நூலகர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். இடது பக்கத்தில் அந்தப் பதின்மூன்றையும் வைக்க மனம் வரவில்லை, வலது பக்கத்தில் வைக்க நியாயம் இல்லை. ஏணியில் நடுப்படி போன பிறகு மேல்படி எவ்வளவு நன்றாக இருந்து என்ன?

"சரி பண்ணலாம் சார்" என்றார் கரண்டம்மா. "ஓட்டை வெச்ச சட்டம் எங்கிட்ட இருக்கு. தடித்தாள் வாங்கிக் குடுத்தா நான் குத்திடுவேன். ஆனா அச்சுப் புத்தகத்தப் பாத்து யாராவது வரி வரியா படிச்சுச் சொல்லணும். ஞாயித்துக்கிழமைதான் எனக்கு முழு லீவு."

ஞாயிற்றுக்கிழமை நூலகம் திறந்திருக்கும். நூலகர் அங்கே இருக்க வேண்டும். அவருக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது, அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று நினைத்தபோதே வியர்த்தது.

நூலகரின் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். முன்னறையில் தையல் இயந்திரம், பின்னறையில் நீலத் துணிக் கட்டுகள். எட்டாவது வரை படித்தவள், அதற்குப் பிறகு அளவு நோட்டைத் தவிர எதையும் எடுத்துப் படித்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பே கணவர் நூலக வேலையில் சேர்ந்துவிட்டதால், நூலகத்துக்கு அவள் வைத்திருந்த பெயர் மூத்தவள். "மூத்தவ வீட்ல எத்தனை மணிக்கு விட்டாங்க?" என்றுதான் மாலையில் கதவைத் திறப்பாள். பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போன பிறகு அந்தக் கேலியில் கொஞ்சம் உப்பு கூடியிருந்தது.

"நானா? புத்தகமா?" என்றாள் இப்போது. "ஏங்க, எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள அந்தம்மாவுக்குப் பசி எடுத்துடும்."

"மெதுவாப் படிச்சாப் போதும். அவங்களும் மெதுவாத்தான் குத்துவாங்க."

"அடுத்த மாசம் பள்ளிக்கூடம் திறக்குது. நூத்திப் பத்துச் சட்டைக்குக் காஜா அடிக்கணும்."

"காஜா நான் அடிக்கறேன்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். "என்னாச்சு? ஏன் இப்படி இருக்கீங்க?"

அவர் நாளிதழ்க் கட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் பல்லிடுக்கில் வைத்திருந்த ஊசியை எடுத்துத் துணியில் குத்தினாள். "வரச் சொல்லுங்க" என்றாள்.

முதல் ஞாயிறு இரண்டு பெண்களுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. சமையலறை மேசையில் கரண்டம்மா தாளைச் சட்டத்துக்குள் செருகி, மரப்பிடி போட்ட குத்தூசியை எடுத்துக்கொண்டார். வலமிருந்து இடமாகக் குத்தினார். திருப்பிப் போட்டால் புள்ளிகள் மேடாக எழும்பி, இடமிருந்து வலமாகப் படிக்க வரும் என்று விளக்கினார்.

"அப்படின்னா சட்டையப் புரட்டிப் போட்டுத் தைக்கற மாதிரி" என்றாள் நூலகரின் மனைவி.

"அதேதாங்க்கா. உள்பக்கம் தைச்சு வெளிப்பக்கம் போட்டுக்கறது."

அந்த ஒப்புமை இருவருக்கும் பிடித்துப்போயிற்று. அவள் அச்சுப் புத்தகத்தின் முதல் பாகத்தைத் திறந்து விரலை வரிக்கடியில் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். நீண்ட சொல் வந்தால் நின்றாள். தும்மல் வந்தால் தும்மிவிட்டு, "இது கதையில இல்ல" என்றாள்.

"புள்ளி, கமா எல்லாம் சொல்லணுங்க்கா."

"அது வேறயா? 'அவள் பெட்டியைத் தூக்கினாள் கமா திரும்பிப் பார்த்தாள் கமா.' ஏம்மா, இத்தனை கமா போட்டா இந்தப் பொண்ணு ரயில விட்டுடுவா."

மூன்று மணி நேரத்தில் ஐந்து தாள் முடிந்தது. கரண்டம்மாவின் கட்டைவிரல் அடியில் சிவந்திருந்தது. கிளம்பும்போது நூலகரின் மனைவி கேட்டாள், "ஆமா, இந்த நடு அக்கா யாருக்குப் பயந்து ஓடறா?"

"அத நான் சொல்லமாட்டேன். முன்னாடி நாலு தொகுதி இருக்கே. உங்க கையிலதான் புத்தகம் இருக்கு, படிச்சுக்குங்க."

அவள் படித்தாள். காஜாவுக்கும் பித்தானுக்கும் நடுவில், பால் பொங்குவதற்கு முன், துணி காய்வதற்குள். புத்தகத்துக்கு அளவு நாடாவை அடையாளமாக வைத்தாள். நூலகர் மாலையில் வந்து மணியடித்தால் கதவைத் திறக்க நேரமாயிற்று, மூத்தவளைப் பற்றிய விசாரணையும் நின்றுபோயிற்று. அவர் உண்மையிலேயே காஜா அடித்துக்கொண்டிருந்தார். முதல் பத்துச் சட்டையில் பித்தான் நுழையவில்லை, அவற்றை அவள் பிரித்துத் தைத்தாள்.

மூன்றாவது ஞாயிற்றில் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. கரண்டம்மா தன் அண்ணன் வீட்டில் இருப்பது, அண்ணி நல்லவள்தான், ஆனால் அறையில் கட்டிலுக்குக் கீழே இரண்டு தொகுதிக்கு மேல் வைக்க இடமில்லை என்பதெல்லாம் தெரியவந்தது. ஒரு ஞாயிறு மின்சாரம் நின்றது. நூலகரின் மனைவி விசிறியை எடுத்து, "இப்ப நான் யாருக்குப் போன் பண்றது? ஆளே இங்க உக்காந்திருக்கு" என்றாள். கரண்டம்மா குத்துவதை நிறுத்தாமல், "எந்தத் தெரு?" என்றார். இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

எட்டாவது ஞாயிறு கடைசித் தாள் குத்தி முடிந்தது. அமுங்கிய தாள்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்து, தடித்த நூலால் நூலகரின் மனைவியே கோத்துக் கட்டினாள். அதற்குள் அவள் முதல் பாகத்தையும் முடித்திருந்தாள். நடு அக்கா எங்கோ ஒரு ஊரில் கடிதத்தைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், பாகம் முடிகிறது.

அன்று மாலை கணவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள், "ரெண்டாம் பாகம் எங்க?"

அவர் குனிந்து இரண்டாவது செருப்பையும் கழற்றினார்.

"நாளைக்கு வரும்போது எடுத்துட்டு வாங்க."

"இல்லம்மா."

"யாராவது எடுத்துட்டுப் போயிருக்காங்களா?"

"அது கழிச்சாச்சு."

"கழிச்சாச்சுன்னா?"

அவர் நின்றபடியே சொன்னார். ஆறு வருடத்துக்கு முன் புதுப் புத்தகங்கள் வந்தன, இடமில்லை. ஏழு வருடமாக யாரும் எடுக்காதவற்றைப் பட்டியல் போட்டார்கள். முதல் பாகத்தை யாரோ ஒருவர் ஒரு தடவை எடுத்திருந்தார், அதனால் அது தப்பித்தது. இரண்டாம் பாகம் பழைய காகித வண்டியில் போயிற்று. பதிவேட்டில் அந்த வரியை அவரே எழுதியிருக்கிறார், முதல் பாகத்தை வீட்டுக்கு எடுத்து வந்த அன்றைக்கே தேடிப் பார்த்துவிட்டார். மற்ற கிளைகளையும் கேட்டுவிட்டார். எங்கும் இல்லை. பதிப்பகமே மூடிவிட்டது.

"பாதிக் கதைய வெச்சுக்கிட்டு மீதிக் கதையத் தூக்கிப் போட்டீங்களா?" என்றாள் அவள். "ஒரு கையத் தெச்சுட்டு மறு கையில்லாம சட்டையக் குடுத்தா, எந்தப் பிள்ளை போட்டுக்கும்?"

இரண்டு நாள் அவள் அவரிடம் பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு இயந்திரத்துக்குப் போய்விடுவாள். அவர் தனியாகச் சாப்பிடுவார். விதிப்படித்தான் செய்தார். விதிப்படிச் செய்ததை வீட்டில் ஒருத்தி கேள்வி கேட்பாள் என்று அவர் இருபத்தாறு வருடத்தில் நினைத்துப் பார்த்ததில்லை. மறுநாள் நூலகத்தில் பழைய பதிவேடுகளை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். எல்லாம் அவருடைய அழகான கையெழுத்து.

மூன்றாம் நாள் அவள் புகார் எண்ணை அழைத்தாள்.

"சொல்லுங்க, எந்தத் தெரு?"

"நான்தான். கரண்ட் இருக்கு. கதைதான் போச்சு."

விஷயத்தைக் கேட்ட கரண்டம்மா, பின்னால் இன்னொரு அழைப்பு மணி அடிக்க அடிக்க, "எட்டுலேருந்து பதிமூணு வரைக்கும் அந்த ரெண்டாம் பாகந்தான், நம்ம சுவர்ல உசுரோட இருக்குக்கா" என்றார். "ஞாயித்துக்கிழமை கொண்டு வரேன். நீ காஜாவப் பாரு, நான் படிக்கறேன்."

அப்படித்தான் மேசையில் இடம் மாறிற்று. கரண்டம்மாவின் விரல் வரியில் ஓடியது, வாய் சொல்லிற்று. புகார் கேட்கிற குரலில்லை அது. இன்னும் கீழே, இன்னும் மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்கிற குரல். யாருக்கும் அவர் அதுவரை உரக்கப் படித்துக் காட்டியதில்லை. நூலகரின் மனைவி தைப்பதை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். "அய்யய்யோ, பிரிச்சுட்டாளா?" என்று இடையில் கத்தினாள். "பொறுக்கா, கமா வருது" என்றார் கரண்டம்மா.

மூன்று மாதம் முடிந்த வாரத்தில் மேலிடத்து ஆய்வாளர் வந்தார். முப்பத்தைந்து வயதுப் பெண், கையில் ஒரு சின்ன அளவுக் கருவி. பொத்தானை அழுத்தினால் சிவப்பு ஒளி எதிர்ச்சுவருக்குப் போய் நீளத்தைச் சொல்லும். அவர் கெட்டவரில்லை. படியில் உட்கார்ந்திருந்தவர்களிடம் நின்று பேசிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அவருடைய கவலை அவர்கள்.

நூலகர் நோட்டை நீட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு எண்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி. 'புள்ளி அமுங்கியது.' 'பழைய ரயில் நேரம்.' 'இரட்டைப் படி.' 'நன்று.' 'மிக நன்று, கீழ்த்தட்டில் வைக்க வேண்டாம்.' 'நாற்பத்திரண்டு தாள் புதிதாகக் குத்தியது.' நூற்று முப்பத்தொன்று கழிந்தது. மீதியைப் பன்னிரண்டு அடியில் நிற்க வைத்துவிடலாம். ஆறு அடிச் சுவர் காலி. அங்கே ஒரு நீள மேசையும் ஆறு நாற்காலியும் போடலாம்.

"இந்தப் பட்டியல யாரு போட்டது?"

"எங்க வாசகர்."

"அந்த ஒருத்தரா?" ஆய்வாளர் பக்கங்களைப் புரட்டினார். "வழக்கமா எல்லாரும் ஒண்ணையும் எடுக்கக் கூடாதுன்னுதான் மனு குடுப்பாங்க. தானே கழிச்சுக் குடுத்து இப்பத்தான் பாக்கறேன்." பிறகு, "ஆனாலும் ஒரே வாசகர்தானே சார்? அதுக்கு நான் என்ன எழுதறது?" என்றார்.

"ரெண்டு பேருங்க. இப்ப இன்னொருத்தர் சேர்ந்திருக்காங்க."

உறுப்பினர் அட்டையை வாங்கிப் பார்த்த ஆய்வாளர் முகவரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இது உங்க வீடு இல்லையா? உங்க மனைவிக்குக் கண்ணு தெரியாதா?"

"கண்ணு தெரியுங்க. இந்த எழுத்துதான் தெரியாது. அதனால அந்த வாசகர் படிச்சுக் காட்டறாங்க. ரெண்டாம் பாகம் அச்சுல இல்ல. நான் கழிச்சுட்டேன். இப்ப இந்தச் சுவர்ல மட்டுந்தான் இருக்கு."

எட்டாம் தொகுதி இருக்க வேண்டிய இடத்தை நூலகர் காட்ட, ஆய்வாளர் பார்த்தார். காலியாக இருந்தது, கரண்டம்மா எடுத்துப் போயிருந்தார். ஆய்வாளர் அறிக்கையில் என்ன எழுதினார் என்று நூலகருக்குத் தெரியாது. பத்து நாளில் பதில் வந்தது. ஆறு அடி மேசைக்கு, பன்னிரண்டு அடி புத்தகத்துக்கு, கிடங்குக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். மேசை வந்த அன்று, அட்டையை விரித்துப் படியில் உட்கார்ந்திருந்த பெண்தான் முதல் நாற்காலியைப் பிடித்தாள். சனிக்கிழமை கரண்டம்மா அலமாரியை விரலால் அளந்துகொண்டே போய், மேசை விளிம்பில் முட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்கம்மா" என்றார். "நீங்க வாங்கம்மா" என்று அந்தப் பெண் நாற்காலியை இழுத்துக்கொண்டாள்.

பதின்மூன்றாம் தொகுதி முடிந்த ஞாயிறு, நூலகரின் மனைவி கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். முடிவு அவளுக்குப் பிடித்திருந்தது, ஆனால் முடிந்துபோனது பிடிக்கவில்லை. பிறகு எழுந்து போய், அளவு எழுத வாங்கி வைத்திருந்த கோடு போட்ட தடித்த நோட்டு ஒன்றை எடுத்து வந்தாள்.

"மறுபடி எட்டாம் தொகுதிலேருந்து சொல்லு. நான் எழுதறேன்."

"எதுக்குக்கா?"

"முதல் பாகத்தப் படிச்சுட்டு என்னை மாதிரி எவளாவது வந்து கேப்பா. அப்ப இவர் என்ன பதில் சொல்லுவாரு?"

ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. பள்ளி திறக்கிற மாதங்களில் வேலை நின்றது, கரண்டம்மாவின் அண்ணிக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது ஐந்து வாரம் நின்றது. ஐந்து நோட்டு நிரம்பியது. சீருடைத் துணியில் மிஞ்சிய நீலத் துண்டுகளை அட்டையில் ஒட்டி, ஓரத்தை இயந்திரத்தில் தைத்தாள் அவள். நூலகர் ஐந்துக்கும் பதிவேட்டில் எண் போட்டார். ஆசிரியர் பெயர் எழுதினார். பதிப்பகம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. கடைசியில் இரண்டு பெண்களின் பெயரையும் அங்கே எழுதினார். முதல் பாகத்துக்குப் பக்கத்தில் ஐந்தையும் நிறுத்தி வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். மாலையில் வீட்டுக்குப் போனதும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். பேனா பிடித்து நடுவிரலில் காய்ப்பு ஏறியிருந்தது. அவர் அதைத் தடவினார். "போதும், பால் பொங்குது" என்றாள், கையை இழுத்துக்கொள்ளாமல்.

முதலில் எடுத்துப் போனவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஒரு மாதத்தில் ஐந்தையும் படித்துத் திருப்பினார். "அருமையான கதை சார்" என்றார், ஏதோ குற்றம் செய்தவர் போல. "கை சும்மா இருக்கல. மன்னிச்சுக்குங்க." பக்கத்துக்குப் பக்கம் மெல்லிய பென்சிலால் ஒற்றெழுத்துகளைத் திருத்தி வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நூலகரின் மனைவி அந்த நோட்டைத் திறந்து பார்த்து மூக்கு விடைக்க நின்றாள். "முதல் பக்கத்துலயே பதினாலு! இவரு என்ன, என் துணியில நூல் பிரிச்சுப் பாக்கற வேலையா பாக்கறாரு?"

"எனக்குப் படிச்சுக் காட்டு" என்றார் கரண்டம்மா. கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "அக்கா, பாதித் தப்பு என்னுதுதான். அவசரத்துல நான்தான் முழுங்கிட்டுச் சொல்லியிருக்கேன்."

அன்று வாராந்திர விடுமுறையை மாற்றிக்கொண்டு நூலகரும் வீட்டில் இருந்தார். தன் பழைய பதிவேடுகளையும் பிரெயில் அலமாரியின் பட்டியலையும் எதிரெதிரே வைத்து ஒரு மாதமாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"நான் கழிச்சதுல இன்னும் ஒன்பது, அந்தச் சுவர்ல மட்டும் இருக்கு" என்றார்.

"ஒன்பதா?" என்றாள் மனைவி. விரலைச் சொடுக்கெடுத்துக்கொண்டே கரண்டம்மாவைப் பார்த்தாள். "சின்னதா ஒண்ணு சொல்லு மொதல்ல."

"ரெண்டே தொகுதியில ஒண்ணு இருக்கு. ஆனா அழுவாச்சிக் கதை."

"அது மழைக்காலத்துக்கு இருக்கட்டும். சிரிக்கற கதை?"

"இருக்கு. ஆறு தொகுதி."

அவள் விரல்விட்டு எண்ணினாள். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "ஏங்க, கடைக்குப் போறப்ப நோட்டு மூணு வாங்கிட்டு வாங்க" என்றாள். "கோடு கொஞ்சம் அகலமா இருக்கணும். அந்தப் பிழை திருத்தறவரு எழுத எடம் வேணும்ல."